நீதிபதியை யார் நியமிப்பது? நம்மைக் கேட்காமலே நடக்கும் சண்டை

2023 பிப்ரவரி 7, காலை பத்தரை மணி. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக வழக்கறிஞர் விக்டோரியா கௌரி நியமிக்கப்பட்டதை எதிர்த்த மனுவை டெல்லியில் உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டிருந்தது. அதே வேளையில் சென்னையில் அவர் பதவியேற்றுக்கொண்டிருந்தார். அவர் பா.ஜ.க. மகளிர் அணியில் பொறுப்பில் இருந்தவர். சிறுபான்மையினருக்கு எதிராகப் பேசியவர் என்பது மனுதாரர்களான சென்னை வழக்கறிஞர்களின் குற்றச்சாட்டு. ஒருவருக்குச் சட்டப்படி தகுதி உண்டா என்று மட்டும்தான் நீதிமன்றம் பார்க்க முடியும், அவர் பொருத்தமானவரா என்பது கொலீஜியத்தின் வேலை என்று சொல்லி மனு தள்ளுபடி செய்யப்பட்டது.

இந்தச் செய்தி எல்லோருக்கும் தெரியும். அதே கொலீஜியம் அதே 2023 ஜனவரி 17 அன்று அனுப்பிய இன்னொரு பெயர் பலருக்கு நினைவில் இல்லை. அவர் வழக்கறிஞர் ஜான் சத்யன். 2022 பிப்ரவரியிலேயே பரிந்துரைக்கப்பட்டு, ஒன்றிய அரசின் ஆட்சேபத்தால் நின்றுபோன பெயர். உளவுத்துறையின் ஆட்சேபம் என்ன என்பதைக் கொலீஜியம் தன் தீர்மானத்திலேயே வெளியிட்டது. இரண்டு சமூக ஊடகப் பதிவுகள். ஒன்று, பிரதமரை விமர்சித்த கட்டுரையைப் பகிர்ந்தது. மற்றொன்று, நீட் தேர்வால் மருத்துவப் படிப்பு கிடைக்காமல் 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை விட்ட அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவின் சாவை அரசியல் துரோகத்தால் நடந்த கொலை என்று சொன்ன பதிவு.

தோழர்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒரு தலித் மாணவியின் சாவுக்காகக் கோபப்பட்டது ஒருவரை உயர்நீதிமன்ற வாசலில் நிறுத்திவைக்கப் போதுமானதாக இருந்தது. அந்தப் பதிவுகளால் அவருடைய தகுதி குறையவில்லை என்று கொலீஜியம் பதில் எழுதி, அவர் பெயரை வலியுறுத்தி மறுபடியும் அனுப்பியது. அன்று பரிந்துரைத்த புதிய பெயர்களுக்கு முன்பாகவே இவரை நியமிக்க வேண்டும் என்றும் சொன்னது. மூன்று வாரத்தில் விக்டோரியா கௌரிக்கு ஆணை வந்தது, சத்யனுக்கு வரவில்லை. மார்ச் 21 அன்று கொலீஜியம் இதைக் குறிப்பிட்டு, வலியுறுத்தி அனுப்பிய பெயர்களை அரசு பிடித்துவைப்பது மிகவும் கவலைக்குரியது என்று தீர்மானத்தில் எழுதியது.

இதை எழுதுவது விக்டோரியா கௌரி கட்சியில் இருந்தார் என்பதைக் குற்றமாக்குவதற்காக அல்ல. கேரளத்தில் 1957 அமைச்சரவையில் மந்திரியாக இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர்தான் பிறகு ஏழைகளின் நீதிபதி என்று பெயரெடுத்தார். அன்று மனுவைத் தள்ளுபடி செய்த இருவரில் ஒருவரான நீதிபதி பி.ஆர். கவாய் தனக்கும் அரசியல் பின்னணி உண்டு என்று விசாரணையிலேயே சொன்னார். கேள்வி வேறு. ஒரு கட்சியின் பின்னணி கதவைத் திறக்கிறது, ஒரு மாணவிக்கான இரங்கல் கதவைச் சாத்துகிறது என்றால், அந்தக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது? அவரை அங்கே வைத்தது யார்? இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அண்ணல் நிராகரித்த இரண்டு வழிகள்

1949 மே 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் நீதிபதிகள் நியமனம் விவாதத்துக்கு வந்தது. தலைமை நீதிபதியின் சம்மதம் இல்லாமல் யாரையும் நியமிக்கக் கூடாது என்று ஒரு திருத்தம். அதைக் கொண்டுவந்தவர்களில் சென்னை மாகாணத்தின் போக்கர் சாகிப்பும் ஒருவர். அமெரிக்காவில் செனட் சபை ஒப்புதல் தருவதைப் போலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று வேறு சில குரல்கள்.

அம்பேத்கர் இரண்டையும் ஏற்கவில்லை. ஆட்சியில் இருப்பவர்கள் கையில் மட்டும் முழு அதிகாரத்தையும் கொடுப்பது ஆபத்து என்றார். செனட் வழி சுற்றுவழி, அதில் அரசியல் அழுத்தமும் புகுந்துவிடும் என்றார். தலைமை நீதிபதி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவரும் மனிதர்தான், சாதாரண மனிதருக்கு உள்ள குறைகளும் முன்முடிவுகளும் அவருக்கும் உண்டு, அவர் கையில் தடையாணை அதிகாரம் கொடுப்பதும் ஆபத்து என்றார். இப்படித்தான் கலந்தாலோசித்து நியமிப்பது என்ற நடுவழி 124, 217 ஆகிய பிரிவுகளில் வந்தது.

சாதி எப்படி வேலை செய்யும் என்று தெரிந்த ஒருவர்தான் இப்படிப் பேச முடியும். நீதிபதியின் அங்கியைப் போட்டதும் ஒருவருடைய முன்முடிவுகள் கழன்று விழுந்துவிடும் என்று அவர் நம்பவில்லை. யாரோ ஒருவர் தனியாக முடிவெடுக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு நடந்த வரலாறு, தனியாக முடிவெடுக்கும் அதிகாரம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போன வரலாறுதான்.

முதலில் அரசின் கை

கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்தது 1973 ஏப்ரல் 24. மறுநாளே, அரசுக்கு எதிரான பக்கம் நின்ற ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் ஒதுக்கிவிட்டு, அவர்களுக்கு இளையவரான ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். நெருக்கடி நிலையில், உயிருக்கான உரிமையைக்கூட அரசு நிறுத்திவைக்கலாம் என்று நான்கு நீதிபதிகள் சொன்னபோது எதிர்த்துத் தீர்ப்பெழுதியவர் எச்.ஆர். கன்னா. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவருக்குப் பதவி போனது, கன்னா ராஜினாமா செய்தார். 1976இல் மட்டும் பதினாறு உயர்நீதிமன்ற நீதிபதிகள் மாநிலம் விட்டு மாநிலம் மாற்றப்பட்டார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. நெருக்கடி நிலையின்போது சென்னை மத்திய சிறையில் நடந்த அடி உதைகளை விசாரித்த ஆணையத்தின் தலைவர் நீதிபதி மு.மு. இஸ்மாயில். அவர் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது, 1981 ஜனவரியில் கேரளத்துக்கு மாற்றப்பட்டார். போக மறுத்துப் பதவியை விட்டார். அந்த மாற்றல்கள் குறித்த வழக்கில்தான், நியமனத்தில் அரசின் சொல்லே இறுதி என்று 1981 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிறகு நீதிபதிகளின் கை

1993 அக்டோபர் 6 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு இதைப் புரட்டிப் போட்டது. தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் சேர்ந்து சொல்வதற்கே முதன்மை என்றது. 1998இல் வந்த விளக்கத்தோடு இன்றைய கொலீஜியம் முழு வடிவம் பெற்றது. உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியும் இரண்டு மூத்த நீதிபதிகளும் பெயரைத் தேர்வு செய்வார்கள். அது மாநில அரசு, ஒன்றியச் சட்ட அமைச்சகம், உளவுத்துறை அறிக்கை என்று பயணப்பட்டு, உச்ச நீதிமன்றத்தின் மூன்று மூத்த நீதிபதிகளிடம் போகும். அரசு திருப்பி அனுப்பலாம். கொலீஜியம் மறுபடி வலியுறுத்தினால் நியமித்தே ஆக வேண்டும். மூன்று, நான்கு வாரத்துக்குள் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் அந்தக் கெடு நடைமுறையில் மதிக்கப்படவில்லை. ஜான் சத்யனின் கோப்பு நின்றது இந்த ஓட்டையில்தான். மறுப்பதாகச் சொல்லவும் வேண்டாம், காரணம் காட்டவும் வேண்டாம், பேசாமல் இருந்தாலே போதும்.

2014இல் நாடாளுமன்றம் தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை உருவாக்கியது. தலைமை நீதிபதி, இரண்டு மூத்த நீதிபதிகள், சட்ட அமைச்சர், இரண்டு பிரமுகர்கள் என ஆறு பேர். பிரமுகர்களில் ஒருவர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள் ஆகிய பிரிவுகளில் ஒன்றிலிருந்து வர வேண்டும் என்று அதில் இருந்தது. 2015 அக்டோபர் 16 அன்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதித்துறைச் சுதந்திரம் பிழைத்தது என்று ஒரு சாரார் கொண்டாடினார்கள், மக்கள் தீர்ப்பு அவமதிக்கப்பட்டது என்று மற்றவர்கள் கொதித்தார்கள். நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட மக்களுக்கு ஆறில் ஒரு நாற்காலி, அதுவும் ஐந்து பிரிவுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று! அதைப் பற்றி இரண்டு தரப்பிலும் பெரிதாக யாரும் வாய் திறக்கவில்லை.

நம் பக்கத்து மனிதர் எழுதிய பக்கங்கள்

1993 தீர்ப்பில் நாம் மறக்கக் கூடாத ஒரு பகுதி உண்டு. அந்த ஒன்பது பேரில் ஒருவர் நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன். தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூரில் பிறந்தவர், எங்கள் தென்காசி, இலத்தூர்ப் பக்கத்து மக்களுக்கு அந்நியமில்லாத மனிதர். நீதிபதியாவதற்கு முன் நெல்லையில் தி.மு.க.வில் தீவிரமாக இயங்கியவர். அவர் தனியாக எழுதிய தீர்ப்பில், உயர் நீதித்துறையில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பிற்படுத்தப்பட்டோரும் பெண்களும் எவ்வளவு குறைவாக இருக்கிறார்கள் என்று கணக்கு காட்டினார். எல்லாப் பிரிவினரும் பங்கேற்காத நீதி நிர்வாகம் உண்மையான மக்களாட்சி ஆகாது என்ற பொருளில் எழுதினார்.

கொலீஜியத்தைப் பெற்றெடுத்த அதே தீர்ப்பில்தான் இந்த எச்சரிக்கையும் இருக்கிறது. பிள்ளையை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

மூன்று சதவீதம்

இப்போது கணக்குக்கு வருவோம். கரிய முண்டா தலைமையிலான நாடாளுமன்றக் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கை தந்தது. 1998 மே 1 நிலவரப்படி நாட்டின் உயர்நீதிமன்றங்களில் 481 நீதிபதிகள். அவர்களில் பட்டியல் சாதியினர் 15, பழங்குடியினர் 5. அதாவது பட்டியல் சாதியினர் 3.1 சதவீதம்.

2018 முதல், பரிந்துரைக்கப்படுகிறவர்கள் தங்கள் சமூகப் பின்னணியைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். அதை வைத்து 2025இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. 2018இலிருந்து நியமிக்கப்பட்ட உயர்நீதிமன்ற நீதிபதிகள் 715. பட்டியல் சாதியினர் 22, பழங்குடியினர் 16, பிற்படுத்தப்பட்டோர் 89, சிறுபான்மையினர் 37. இதிலும் பட்டியல் சாதியினர் 3.1 சதவீதம்.

முதல் கணக்கு அன்று பதவியில் இருந்தவர்களுடையது, இரண்டாவது புதிதாக வந்தவர்களுடையது. அதனால் இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. ஆனாலும் 1998இல் பதவியில் இருந்தவர்களில் பலர் அரசின் கை ஓங்கியிருந்த காலத்தில் வந்தவர்கள், 2018க்குப் பின் வந்தவர்கள் கொலீஜியம் தேர்ந்தெடுத்தவர்கள். ஆட்டத்தின் விதி மாறியது, ஆடுபவர்கள் மாறினார்கள், நம் பங்கு அசையவில்லை. மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ ஆறில் ஒருவர்.

ஏன் இப்படி? தகுதி என்பார்கள். வழக்கறிஞர்களிலிருந்து நீதிபதியைத் தேடும்போது கண்ணில் படுகிறவர்கள் யார்? உயர்நீதிமன்றத்தில் பெரிய அலுவலகங்களில் ஜூனியராக வளர்ந்தவர்கள், பெரிய வருமானமுள்ள வழக்குகளை நடத்தியவர்கள், அரசு வழக்கறிஞர் பதவிகளில் அமர்ந்தவர்கள். முதல் தலைமுறையாகச் சட்டம் படித்து, செங்கோட்டையிலோ தென்காசியிலோ ஜாமீன் மனுவும் ஜீவனாம்ச வழக்கும் நடத்தும் ஒரு தலித் வழக்கறிஞரின் திறமையைப் பார்க்க அந்த மூன்று நீதிபதிகளுக்கு வழியே கிடையாது. கீழமை நீதிமன்றங்களில் இடஒதுக்கீட்டால் உள்ளே வருகிறவர்கள் பலர் வயது கடந்து வருகிறார்கள், மாவட்ட நீதிபதியாகும்போதே ஓய்வு வயது நெருங்கிவிடுகிறது. இந்தப் பாதையைக் கட்டியது யார் என்று கேட்காமல் தகுதியைப் பற்றிப் பேசுவது நேர்மையில்லை.

கதவு திறந்த தருணங்கள்

சில தடவை கதவு திறந்திருக்கிறது. எப்போது என்று பார்த்தால் ஒன்று புரியும்.

1973இல் கலைஞர் கருணாநிதி ஆட்சிக்காலத்தில் மாவட்ட நீதிபதி ஏ. வரதராஜன் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானார். ஆதிதிராவிடர் ஒருவர்கூட அங்கே இல்லையே என்று பெரியார் பொதுவெளியில் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதே 1973இல்தான் அதே நீதிமன்றம், 44 பேர் எரிந்து செத்த கீழ்வெண்மணி வழக்கில் நிலக்கிழார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற போக்கில் அந்தத் தீர்ப்பு பேசியது. நீதிபதி எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதற்கும் எதை நம்ப முடிகிறது என்பதற்கும் தொடர்பில்லை என்று யாராவது சொன்னால், இந்த ஒரு வரியைக் காட்டுங்கள்.

வரதராஜன் 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானார். நாடு குடியரசாகி முப்பது ஆண்டுகள் கழித்து!

1998 இறுதியில் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன், நியமனக் கோப்பில் கையெழுத்திடும்போது, நலிந்த பிரிவினரில் தகுதியானவர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் பரிசீலியுங்கள் என்று குறிப்பு எழுதினார். அது வெளியே வந்து பெரும் சர்ச்சையானது. தகுதி மட்டுமே அளவுகோல் என்பது அன்றைய தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்தின் பதில். 2000 ஜூனில், சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த கே.ஜி. பாலகிருஷ்ணன் உச்ச நீதிமன்றம் போனார். பிறகு முதல் தலித் தலைமை நீதிபதியும் ஆனார்.

2010 மே மாதம் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த ஒன்பது ஆண்டுகள் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தலித் நீதிபதிகூட இல்லை. அந்த வெற்றிடத்தில்தான், 2018 மார்ச் 20 அன்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி அதன் பல்லைப் பிடுங்கும் தீர்ப்பு வந்தது. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் தலித் மக்கள் தெருவில் இறங்கினார்கள், உயிர்களும் போயின. நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது, 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தன் கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. அதற்கு இடையில், 2019 மே மாதம் கவாய் நியமிக்கப்பட்டபோது, பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு பட்டியல் சாதிப் பிரதிநிதித்துவம் என்று கொலீஜியம் தன் தீர்மானத்திலேயே எழுதியது. 2025இல் அவர் தலைமை நீதிபதியாகவும் ஆனார்.

யாரோ ஒருவர் வாய்திறந்து, பகிரங்கமாக, இங்கே எங்கள் ஆள் எங்கே என்று கேட்டபோது கதவு அசைந்திருக்கிறது. மூடிய அறையில் தகுதியை மட்டும் எடைபோடுகிறோம் என்று சொன்னபோதெல்லாம் அது மூடியே இருந்திருக்கிறது.

வெளியே என்ன நடக்கிறது?

அமெரிக்காவில் கட்சிச் சண்டை வெட்டவெளியில் நடக்கிறது. கறுப்பின மக்களுக்காகப் பள்ளிக்கூட வழக்கை வென்ற தர்குட் மார்ஷலை 1967இல் செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். 69க்கு 11 என்ற வாக்கில் அவர் வென்றார். எதிர்த்தவர்கள் யார் என்பது இன்றும் ஏட்டில் இருக்கிறது. அதே செனட் 2016இல் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை விசாரணைக்குக்கூட அழைக்காமல் ஒன்பது மாதத்துக்கு மேல் காக்கவைத்து விரட்டியது. அம்பேத்கர் பயந்த அரசியல் அழுத்தம் இதுதான்.

நாம் பார்க்க வேண்டியது தென்னாப்பிரிக்காவை. நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் உட்காரும் நீதிச் சேவை ஆணையம், விண்ணப்பித்தவர்களைப் பொதுமக்கள் முன்னிலையில் நேர்காணல் செய்கிறது. நீதித்துறை நாட்டின் இன, பாலின அமைப்பைப் பிரதிபலிக்க வேண்டிய தேவையைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 174ஆம் பிரிவு சொல்கிறது. அங்கேயும் கட்சித் தலையீடு பற்றிய புகார்கள் உண்டு. ஆனால் பிரதிநிதித்துவம் அங்கே யாரோ இரக்கப்பட்டு எழுதும் குறிப்பாக இல்லை, சட்டமாக இருக்கிறது.

நாம் கேட்க வேண்டியது

2016 முதல், வன்கொடுமை வழக்கில் ஜாமீன் தந்தாலும் மறுத்தாலும் மேல்முறையீடு உயர்நீதிமன்றத்துக்குத்தான். தென்காசி மாவட்டத்துச் சேரியில் அடிபட்ட ஒருவர், தன்னையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்று சொல்ல மதுரைக் கிளைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அந்த நாற்காலியில் இருப்பவரை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, தேர்ந்தெடுக்கவும் முடியாது. அந்த நீதிபதி சொல்வதை அவர் ஏன் ஏற்க வேண்டும்? எல்லோரும் பார்க்கும்படியான ஒரு வழியில், காரணம் சொல்லி, தன் மக்களையும் கணக்கில் எடுத்து அவரை அமர்த்தினார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் ஏற்பார். மக்களாட்சியில் நீதிபதிக்குள்ள பலம் அந்த நம்பிக்கை மட்டும்தான்.

ஆகவே கொலீஜியமா அரசா என்று நம்மை ஒரு பக்கம் நிற்கச் சொன்னால் நிற்க வேண்டாம். கொலீஜியம் சமூக நீதியைப் பார்க்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் குறை சொல்லும் ஒன்றிய அரசு, அனிதாவுக்காக வருந்தியவரின் கோப்பை ஒதுக்கி வைத்த அரசுதான். அரசியல் தலையீட்டிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லும் நீதிபதிகள், மூன்று சதவீதத்தை அசைக்காமல் காப்பாற்றியவர்கள்தான். நாம் இருவரிடமும் கேட்க வேண்டியவை உண்டு.

வலியுறுத்தி அனுப்பிய பெயருக்குக் கட்டாயமாகப் பின்பற்றப்படும் காலக்கெடு வேண்டும். அதைத் தாண்டினால் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். ஒவ்வொரு உயர்நீதிமன்றக் கொலீஜியமும், பரிசீலித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எந்தச் சமூகத்தார் எத்தனை பேர் என்று பெயர் சொல்லாமலாவது ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தமிழ்நாடு அரசும் தப்ப முடியாது. உயர்நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் தான் நியமிக்கும் அரசு வழக்கறிஞர்களின் சமூகவாரிக் கணக்கை அது மக்கள் முன் வைக்க வேண்டும். நாளைய நீதிபதிகள் பலர் அங்கிருந்துதான் வருகிறார்கள். 217ஆம் பிரிவிலேயே பிரதிநிதித்துவத்தை எழுதுவது நம் நீண்டகாலக் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

இவை நடக்காத காரியங்கள் இல்லை. 2017 அக்டோபரில் கொலீஜியம் தன் தீர்மானங்களை இணையத்தில் போடத் தொடங்கியது. அதனால்தான் ஜான் சத்யனின் கோப்பை நிறுத்தியது அனிதாவின் பெயர் என்று இன்று நமக்குத் தெரிகிறது. முன்பென்றால் அதுவும் தெரிந்திருக்காது. அடுத்த முறை உங்கள் ஊருக்கு வாக்கு கேட்டு வரும் நாடாளுமன்ற வேட்பாளரிடம், எந்தக் கட்சியானாலும் சரி, 715இல் 22 என்ற கணக்கைச் சொல்லி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.